அண்டாவும் கடிகாரமும்

விருந்துக்குப் போய் வந்தவர்களில் நாலு பேருக்கு வயிற்றால் போனால், விசாரணை எப்போதும் கடைசியாக வாயில் போட்ட பண்டத்திலிருந்துதான் தொடங்கும். "அந்த பீடாவுலதான் ஏதோ இருந்திருக்கு." "ஐஸ்கிரீம் ஒருதரம் உருகி மறுபடி உறைஞ்ச மாதிரி இருந்துச்சு, நான் அப்பவே நினைச்சேன்." தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டுவிடும். மேல்முறையீடு கிடையாது.

எங்கள் குடும்பத்துக் காதுகுத்து ஒன்றில் இப்படித்தான் ஐஸ்கிரீம்காரர் குற்றவாளி ஆனார். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். மட்டன் பிரியாணி, தாளிச்சா, சிக்கன் 65, முட்டை, கடைசியில் கப் ஐஸ்கிரீம். சைவக்காரர்களுக்கு மாடியில் தனிப் பந்தி. பகல் விருந்து முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்து தூங்கப் போகும் நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. வயிற்றை முறுக்குகிறது, தண்ணீராகப் போகிறது. வாந்தி பெரிதாக இல்லை, காய்ச்சலும் இல்லை. மறுநாள் சாயங்காலத்துக்குள் அநேகமாக எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ்கிரீம்காரருக்கு மட்டும் பாக்கிப் பணம் போய்ச் சேரவில்லை.

நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தில் அதற்கு எந்த மரியாதையும் இல்லை. "ரத்தம் டெஸ்ட் பண்றவன்" என்பதுதான் என் அடையாளம். ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு மேலே ஒரு நிபுணர் உண்டு. என் அத்தை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீடு வீடாகப் போன் போட்டு, அரை மணி நேரம் பேசி, எத்தனை கரண்டி சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும் கேட்டுவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் காதுகுத்து அழைப்புப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

மாடியில் சைவம் சாப்பிட்டவர்கள் ஐஸ்கிரீமும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சர்க்கரைக்காரரான சித்தப்பா ஐஸ்கிரீமைத் தொடவே இல்லை. பிரியாணியை மட்டும் இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்க அவருக்குத்தான் அதிகக் கஷ்டம். எழுதி முடித்ததும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள் கிட்டத்தட்டத் தப்பித்திருந்தார்கள். "வந்தவங்க சாப்பிடட்டும், நாம அப்புறம் உட்காரலாம்" என்று காத்திருந்த வீட்டு ஆட்கள், அதாவது மூன்றாம் நான்காம் பந்திக்காரர்கள், வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

பொதுச் சுகாதாரத் துறையில் இதே வேலையை ஒழுங்காகக் கட்டம் போட்டுச் செய்வார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் சாப்பிட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் நோயாளி, சாப்பிடாதவர்களில் எத்தனை சதவீதம் பேர் நோயாளி என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே எங்கே பெரிய இடைவெளி விழுகிறதோ அங்கே சந்தேகம். அத்தை சதவீதம் போடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பார்க்க வேண்டியது கடிகாரம். சாப்பிட்டதற்கும் வயிறு கலங்கியதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்பது கிட்டத்தட்டக் கிருமியின் கையெழுத்து. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தால், பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் அல்லது பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி ஏற்கெனவே உணவில் கக்கி வைத்த நஞ்சு. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, வாந்தி காய்ச்சல் இல்லாமல் முறுக்கலும் பேதியும் வந்து ஒரே நாளில் நின்றால், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் காய்ச்சலோடு வந்தால் சால்மோனெல்லாவை நினைக்க வேண்டும். டைஃபாய்டு என்றால் வாரக்கணக்கு. அதற்குள் விருந்தே மறந்து போயிருக்கும். பகல் ஒன்றரைக்குச் சாப்பிட்டு ராத்திரி பத்து பதினொன்றுக்குத் தொடங்கி, மறுநாள் மாலையில் முடிந்த எங்கள் வீட்டு நோய்க்கு நான் எந்தப் பெயரை எழுதியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பெர்ஃப்ரின்ஜென்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் விருந்துச் சமையலுக்கென்றே பிறந்த கிருமி அது. மண்ணிலும் ஆடு, கோழி, மனிதக் குடலிலும் சாதாரணமாக இருப்பது. பச்சை இறைச்சியோடு சமையலறைக்குள் வந்துவிடும். மசாலாப் பொடியில்கூட இருக்கலாம். நெருப்பில் வைத்தால் மற்றக் கிருமிகள் சாகும். இது வித்து வடிவில் ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கோடையில் மண்ணுக்குள் கிடந்து முதல் மழைக்கு முளைக்கும் அறுகம்புல்லைப் போல. கொதிக்கும் அண்டாவில் அந்த வித்து சாவதில்லை. சூடு அதைத் தட்டி எழுப்பியும் விடுகிறது. கொதியில் காற்று வெளியேறிவிட்டதால் அண்டாவின் நடுவில் ஆக்சிஜனும் குறைவு. இந்தக் கிருமிக்குப் பிடித்த சூழல் அது. போட்டிக்கு வேறு கிருமிகளும் அதிகம் உயிரோடு இல்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டியதுதான் பாக்கி. 43 முதல் 47 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஒன்று இரண்டாகும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று மணி நேரத்தில் ஒற்றைக் கிருமி இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். அண்டாவைத் திறப்பதற்கும் கடைசிப் பந்திக்கும் நடுவில் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நவம்பர், டிசம்பர் பண்டிகை விருந்துகளில் பெரிய வான்கோழியும் மாட்டிறைச்சியும் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்போது இது பெருகுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பேரை அந்த நாட்டில் இது படுத்துகிறது என்று அவர்களுடைய நோய்க்கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. சுத்தக் குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு அது.

சமையல் மாஸ்டரை அப்புறம் ஒருநாள் பார்த்தேன். நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவர். குற்றம் சொல்ல வந்திருக்கிறேன் என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்ததும் பேசினார்.

"எத்தனை மணிக்கு தம் போட்டீங்க மாஸ்டர்?"

"நாலு மணி இருக்கும் தம்பி. மண்டபத்துல விறகு அடுப்பு எரிக்க விடமாட்டேன்னுட்டாங்க. எங்க ஷெட்டுல வச்சு முடிச்சு டெம்போல ஏத்தினோம்."

"முதல் பந்தி?"

"பன்னெண்டரை. பூஜை இழுத்துக்கிச்சுல்ல."

எட்டரை மணி நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "தம் உடைக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது தம்பி. கங்கு போட்டு மூடி வச்சா கையை வைக்க முடியாது. உடைச்சதுக்கு அப்புறம்தான் அது அநாதை."

அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. நிறைந்த, மூடிய, கனமான அண்டா மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைக்கும். 60 டிகிரிக்கு மேலே இருக்கும் வரை நோய் தருகிற எந்தக் கிருமியும் அங்கே பெருக முடியாது. உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத்தான் கேட்கின்றன: சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. சிக்கல் என்னவென்றால் ஷெட்டில் போட்ட கங்கு டெம்போவில் வராது. மண்டபத்துக்கு வந்ததும் முதல் பந்திக்கு முன்பே தம் உடைபட்டு, பிரியாணி சின்னச் சின்னப் பாத்திரங்களுக்கு மாறி, மின்விசிறிக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தது. அண்டாவில் மிச்சம் இருந்தது வெதுவெதுப்பாகவே பிற்பகல் மூன்று மணி வரை நின்றது. 45 டிகிரியைக் கையால் தொட்டுப் பார்த்தால் "இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வோம். உடம்புச் சூடே 37தானே.

ஹாட் பாக்ஸ் விஷயத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. ஹாட் பாக்ஸ் எதையும் சூடாக்காது; இருக்கிற சூட்டைக் காக்கும். 75 டிகிரியில் அள்ளிப் போட்டால் நல்ல காவல்காரன். 50 டிகிரியில் போட்டு மூடினால், எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க நாங்கள் மின்சாரம் செலவழித்துச் செய்கிற வேலையை அது இலவசமாகச் செய்கிறது.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், உணவு நஞ்சானது என்றால் நாம் பேசுவது ஷவர்மாவைப் பற்றி மட்டுமே என்பதுதான். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டு தடவையும் ஒரே காட்சிதான்: கடை கடையாகச் சோதனை, கிலோக்கணக்கில் கோழியைக் கொட்டி அழிக்கும் படங்கள், தற்காலிகத் தடை, "இதெல்லாம் நம்ம ஊர் சாப்பாடா?" என்று தொலைக்காட்சியில் ஒருவர். பிறகு அமைதி. எனக்கு ஷவர்மா பிடிக்கும் என்பதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

அந்தக் கம்பியில் செருகிய கோழி வெளியிலிருந்து உள்ளே வேகிறது. ஆள் கூட்டம் இல்லாதபோது அடுப்பைக் குறைத்து வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கறி மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் நிற்கிறது. திடீரென்று பத்து ஆர்டர் வந்தால் வெந்த மேல்தோலுக்கும் கீழே கத்தி இறங்குகிறது. சீவியதை ஒருமுறை தட்டையான கல்லில் போட்டுப் புரட்டினால் பாதி ஆபத்து போய்விடும். நல்ல கடைகள் அதைச் செய்கின்றன. இவ்வளவும் கோழிக் கதை. ஆனால் செறுவத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது ஷிகெல்லா. அது கோழியின் கிருமி அல்ல, மனிதனின் கிருமி. கழிப்பறைக்குப் போய் வந்து சரியாகக் கழுவாத கையோ, கழிவுநீர் கலந்த தண்ணீரோ இல்லாமல் அது உணவுக்குள் வருவது அபூர்வம். பெர்ஃப்ரின்ஜென்ஸ் போல லட்சக்கணக்கில் பெருகவும் தேவையில்லை. பத்து முதல் நூறு கிருமிகள் போதும். ஷவர்மாவைத் தடை செய்துவிட்டு அதே கை தயிர்சாதம் பிசைந்தால் என்ன ஆகும்?

மயோனைஸ் தடையை நான் ஆதரிக்கிறேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும், சேமிக்கவும், விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே செய்தன. சால்மோனெல்லாவில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே புகுந்துகொள்ளும். ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் இருக்கும். அந்த முட்டையை எப்படிக் கழுவினாலும் பயன் இல்லை. வேகவைத்தால் தீர்ந்தது. மயோனைஸில் வேகவைக்கிற கட்டமே இல்லை. போதுமான வினிகர் சேர்த்தால் புளிப்பில் கிருமி அடங்கும். தெருவோரத்தில் ருசிக்காகவும் செலவுக்காகவும் அதைக் குறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் தடைக்குப் பிறகு முட்டையில்லாத மயோனைஸ் வாளி, மூடி திறந்தபடி, சாயங்காலம் ஐந்திலிருந்து ராத்திரி பதினொன்று வரை அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதையும் பார்க்கிறேன். அதற்குள் கோழித் துணுக்கு ஒட்டிய அதே கரண்டி போய்ப் போய் வருகிறது.

புளிப்பு என்றதும் நம் பாட்டிகளின் ஞாபகம் வரும். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு. பயணத்துக்குத் தயிர்சாதம் என்றால் தயிரை ஊற்றாமல் பாலை ஊற்றி ஒரு கரண்டி மோர் சேர்ப்பார்கள். போய்ச் சேர்வதற்குள் அது புளித்துக்கொண்டே பாதுகாப்பாகும். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் மற்றவற்றை ஓரங்கட்டும். தேங்காய்ச் சட்னியை ஊருக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். இதெல்லாம் நூற்றுக்கு நூறு சரியான நுண்ணுயிரியல். பாட்டிகள் தவறிய இடம் ஒன்று உண்டு: "மோந்து பாரு, தெரிஞ்சிரும்." தெரியாது. உணவை ஊசிப்போக வைக்கிற கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளுகிற கிருமிகள் வேறு. நூல் விட்டு நாறும் சாம்பாரை யாரும் சாப்பிடப் போவதில்லை, அதனால் அது அவ்வளவு ஆபத்தில்லை. அன்றைக்கு எங்கள் பிரியாணி கடைசிப் பந்தி வரைக்கும் மணமாக இருந்தது. சித்தப்பா அதனால்தான் இரண்டாம் தடவை கேட்டார். சத்துணவுக் கூடங்களில் குழந்தைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. 2013இல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவில் 23 குழந்தைகள் இறந்ததை நினைத்தால் அந்த விதியின் அருமை புரியும். அது ரசாயனத்தைக் காட்டிக்கொடுக்கலாம். பத்து மணி நேரம் கழித்து வேலை செய்யும் கிருமியை எந்த நாக்கும் பிடிக்காது.

"கொதிக்க வச்சுட்டா சரியாயிடும்" என்பதும் அரை உண்மைதான். வித்தாக ஒடுங்காத கிருமி சாகும். ஸ்டெஃபைலோகாக்கஸும் பேசில்லஸ் சீரியஸும் ஏற்கெனவே கக்கிய நஞ்சு கொதியைத் தாங்கும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் ஓரிரு மணி நேரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். விசாரித்தால், மொத்தமாகச் சோறு வடித்து வெளியிலேயே வைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி சேரும், உதிரியாக வறுபடாது. எண்ணெயின் கடும் சூட்டில் வறுத்தும் நஞ்சு அசையவில்லை. நம் தெருமுனைத் தள்ளுவண்டியில், காலையில் வடித்துப் பெரிய தட்டில் பரப்பி, துணி மூடி வைத்திருக்கும் சோறு எதற்காக அப்படி வைக்கப்பட்டிருக்கிறது? அதே உதிரிக்காகத்தான்.

கைக்கு வருகிறேன். உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைஃபாய்டு தடுப்பூசி என்று விதி இருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியும் இருக்கிறார்கள். ஆனால் நேற்று ராத்திரி பேதியான சப்ளைப் பையன் இன்று காலை என்ன செய்வான்? லீவு சொன்னால் அன்றைக்குக் கூலி கிடையாது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்குவான். அந்த ஒருநாள் கூலியைக் கொடுத்து அவனை உட்கார வைக்காத வரை பரிசோதனைச் சான்றிதழுக்கு அந்தக் காலையில் மதிப்பு எதுவும் இல்லை. கூடவே, மண்டபச் சமையலறையில் சோப்போடு ஒரு குழாய் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது எட்டிப் பாருங்கள். விருந்தாளிகள் கை கழுவ வரிசையாகக் குழாய் இருக்கும், பரிமாறுகிறவர்களுக்கு இருக்காது.

எங்கள் காதுகுத்து விஷயத்தில் நான் சொல்வது எல்லாம் ஊகம்தான். நிரூபிக்க ஒரு பருக்கை மிச்சமில்லை. அண்டாவைச் சாயங்காலமே தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போன ஓரிருவருக்கும் ஊசி போட்டு அனுப்பினார்களே தவிர, மலத்தைப் பரிசோதனைக்கு எடுக்கவில்லை. சொல்லவும் கூடாது என்று வீட்டில் கட்டளை: "வெளிய தெரிஞ்சா கேவலம். விருந்து வச்சு வயித்தக் கெடுத்துட்டாங்கம்பாங்க." நோய்க் கண்காணிப்புக்காக 2004இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வாராந்தர அறிக்கைகளில் வயிற்றுப்போக்கும் உணவு நஞ்சும் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்களைப் போல மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் அதில் வருவதில்லை. விருந்து சமைப்பவர்கள் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு சின்ன டப்பா எடுத்து மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் அது அவர்களுக்கே காப்பு. எங்கள் ஐஸ்கிரீம்காரரிடம் அப்படி ஒரு கப் இருந்திருந்தால் காசு கிடைத்திருக்கும். (கடைசியில் அத்தைதான் கொடுத்தார். "அவன் மேல தப்பில்லடா, மாடிக்காரங்க நல்லாத்தானே இருக்காங்க" என்றார்.)

வயிற்றால் போகிறவருக்கு முதல் வைத்தியம் ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது: இவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஒரே இடத்தில் சாப்பிட்ட பலர் படுத்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ சொல்ல வேண்டும், மிச்சத்தைக் கொட்டும் முன்பே.

இந்த வருடம் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. அதே மாஸ்டர்தான், அவருடைய பிரியாணியை விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை, நானும்தான். அண்டாவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்: ஒன்று பதினொன்றுக்கு, இன்னொன்று ஒன்றரைக்கு. மண்டபத்துக்குப் பின்னால் விறகு எரிக்க அனுமதி வாங்கவும், குச்சி மாதிரிக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று நானே வாங்கித் தருவதாகவும் பேச்சு. மாஸ்டர் யோசித்தார்.

"ரெண்டு தடவ தம் போடணும்னா இன்னும் ரெண்டு ஆளு வேணும் தம்பி. விறகும் கூட ஆகும். ரேட்டு ஏறும்."

சித்தப்பா உடனே, "அந்தக் காசுக்கு இன்னொரு ஸ்வீட்டு வைக்கலாமேடா" என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். பழைய ராத்திரி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிரியாணிக்கு இரண்டு ஈடு என்று முடிவாயிற்று. சிக்கன் 65ஐக் காலையிலேயே பொரித்து வைத்துவிடுவதாக மாஸ்டர் சொல்கிறார். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.